ஸ்கேன் அறையும் பத்திர ஆபீஸும்

வயிற்றில் வளர்வது ஆணா, பெண்ணா என்று 32 வாரத்துக்கு முன் டாக்டர் சொல்லக் கூடாது. தென்கொரியாவில் இருந்த இந்தத் தடையை, 2024 பிப்ரவரி 28, புதன்கிழமை, அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. செய்தி படித்த பத்தியாளருக்கு முதலில் சந்தோஷம், அப்புறம் பொறாமை.

அங்கேயும் ஆண்பிள்ளை மோகம் லேசுப்பட்டதல்ல. 1987இல் தடை வந்தும், 1990இல் 100 பெண் குழந்தைகளுக்கு 116 ஆண் குழந்தைகள் பிறந்தன. "பிங்க் கலர்ல துணி வாங்கி வைங்க" என்று டாக்டர்கள் ஜாடை காட்டியதும் உண்டு. இன்று கணக்கு 105க்கு இறங்கிவிட்டது. இயற்கையின் கணக்கே ஏறக்குறைய அதுதான். ஸ்கேன் தடை மட்டுமா இதைச் சாதித்தது? பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். 1991 முதல் மகளுக்கும் சொத்தில் சம பங்கு.

சொத்து என்றதும் பத்தியாளர் எங்கே போவார் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். சொத்துப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம்! கொரியா கொஞ்சம் காத்திருக்கட்டும்.

தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை 1989இலேயே வந்தாயிற்று. நாடு முழுவதற்கும் 2005இல். ஆனால் நல்ல நாள் பார்த்து ஏதாவதொரு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். அண்ணன் பத்திர எழுத்தரோடு பேசிக்கொண்டிருப்பார். தங்கைகள் ஆதார் அட்டையும் கையுமாகப் பெஞ்சில். கேமராவுக்கு முகம், கருவியில் கட்டைவிரல், வெளியே வந்ததும் ஆளுக்கொரு பட்டுப்புடவை. "பொறந்த வீட்டுப் போக்குவரத்து நின்னுடக் கூடாதுல்ல" என்பாள் மூத்தவள். பல லட்சம் பெறும் நிலம் அண்ணன் பேருக்குப் போய்விடும்.

அதே வீட்டு மருமகளுக்கு நாலாம் மாதம் ஆனதும், "எங்கே பார்த்துச் சொல்றாங்களாம்?" என்று விசாரணை தொடங்குகிறது. நிலம் மகனோடு நிற்கும், மகள் வெறுங்கையோடு போவாள் என்று வீடே முடிவுகட்டிய பிறகு, 'எந்தக் குழந்தை வேண்டும்' என்பதைப் பெற்றவர்களின் சொந்த விருப்பம் என்பது ஏமாற்று.

கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று சொல்வதைத் தடுக்கும் நம் நாட்டின் 1994இன் சட்டம் அப்படியே இருக்கட்டும். 2011 கணக்கெடுப்பில், ஆறு வயதுவரை 1,000 சிறுவர்களுக்குத் தமிழ்நாட்டில் 943 சிறுமிகள்தான். பல வட மாநிலங்களில் இன்னும் மோசம். இந்த லட்சணத்தில் கொரியாவைக் காட்டித் தடையை நீக்கச் சொல்வது வம்பு.

அண்ணன்மார்களுக்கு ஒரு விண்ணப்பம்: தங்கையிடம் கையெழுத்துக் கேட்கும் முன், அவள் பங்கின் இன்றைய சந்தை மதிப்பை எழுதி அவள் கையில் கொடுங்கள். அதற்குப் பிறகும் அவள் விட்டுக்கொடுத்தால் பேசலாம்.