இரண்டு டிஸ்க் போட்டுவிட்டால் படங்கள் பத்திரமா?

கல்யாண வீடியோ, குழந்தையின் முதல் பிறந்தநாள், மறைந்துபோன பாட்டியின் குரல், ஸ்கேன் செய்துவைத்த வீட்டுப் பத்திரம்... முன்பு பீரோவில் இருந்ததெல்லாம் இப்போது ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸ் வரம்பில்லாத இலவச சேமிப்பை நிறுத்திவிட்டது. மாதாமாதம் பணம் கட்டுவதைவிட வீட்டிலேயே ஒரு நாஸ் பெட்டி வாங்கி ரவுட்டரில் இணைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வீட்டில் உள்ள எல்லா போன்களும் லேப்டாப்களும் அதிலேயே சேமித்துக்கொள்ளும்.

செலவைப் பார்த்து முதலில் ஒரே ஒரு டிஸ்க் போடுவோம். கொஞ்ச நாளில் பயம் வரும்: 'இது போச்சுன்னா எல்லாம் போச்சே!' கடையில் கேட்டால், "இன்னொரு டிஸ்க் வாங்கி ரெய்டு போட்டுடுங்க சார், அப்புறம் கவலையே இல்லை" என்பார்கள். இதில் முதல் பாதி நல்ல யோசனை. சிக்கல் இரண்டாவது பாதியில்தான்.

ரெய்டு என்ன செய்யும்?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகியோர் 1988-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில்தான் இந்தப் பெயர் பிரபலமானது. விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம். அவற்றில் ஒன்று கெட்டாலும் வேலை நிற்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

ரெய்டு 1 என்றால் கண்ணாடி மாதிரி. ஒரே தகவல் இரண்டு டிஸ்க்கிலும் எழுதப்படும். 4 டி.பி. டிஸ்க் இரண்டு போட்டால் உங்களுக்குக் கிடைப்பது 4 டி.பி. இடம்தான். ரெய்டு 5-க்குக் குறைந்தது மூன்று டிஸ்க் வேண்டும். 5, 3 என்ற இரண்டு எண்களோடு அவற்றின் கூட்டுத்தொகை 8-ஐயும் எழுதிவைத்தால், எந்த ஒன்று அழிந்தாலும் மற்ற இரண்டை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் இல்லையா? அதே மாதிரியான கணக்குத்தான் இது. மூன்று 4 டி.பி. டிஸ்க்கில் 8 டி.பி. இடம் கிடைக்கும். ரெய்டு 0 என்ற ஒன்றும் இருக்கிறது. பெயரில் மட்டும்தான் ரெய்டு. ஒரு டிஸ்க் கெட்டால் மொத்தமும் போய்விடும்.

எதிலிருந்து காப்பாற்றாது?

ரெய்டு காப்பாற்றுவது டிஸ்க் கெட்டுப்போவதிலிருந்து மட்டுமே. கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால், கண்ணாடியிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டையும் பூட்டும். மின்னழுத்தம் எகிறினால் ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டும் சேர்ந்தே போகலாம். திருடன் வந்தால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான்.

இது கற்பனை இல்லை. 2021 ஏப்ரலில் கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைக் குறிவைத்த க்யூலாக்கர், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அதே ஆண்டு ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் இணையம் வழியாகவே அழிக்கப்பட்டன. நிறுவனம் எச்சரித்த மாடல்களில் இரண்டு டிஸ்க் கொண்ட டுவோவும் ஒன்று.

அப்போ ரெய்டு வேஸ்ட்டா?

இல்லை. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் பேக்கப், பிறகுதான் ரெய்டு. கையில் ஒரு டிஸ்க் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால், அதை நாஸுக்குள் போடாதீர்கள். யுஎஸ்பி பெட்டியில் போட்டு, வாரம் ஒருமுறை நகல் எடுத்து, கழற்றி வையுங்கள். முடிந்தால் இன்னொரு நகல் ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டில் இருக்கட்டும்.

"வாராவாரம் யார் நகல் எடுப்பாங்க? ரெய்டு தானாகவே நடக்குமே" என்று கேட்பது நியாயம்தான். பெரும்பாலான நாஸ் பெட்டிகளில், நேரம் குறித்துவைத்தால் தானாக நகல் எடுக்கும் வசதி உண்டு. யுஎஸ்பி டிஸ்க்கைச் செருகிக் கழற்றுவது மட்டும்தான் உங்கள் வேலை.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ரெய்டுக்கு மாறுவதற்கு முன் முழு நகல் எடுத்து, அதிலிருந்து நாலு படங்களைத் திறந்து பாருங்கள். புதிய டிஸ்க் பழையதன் அளவிலோ பெரிதாகவோ இருக்க வேண்டும். அதில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அழிந்துவிடும். சிஎம்ஆர் வகையா என்று கேட்டு வாங்குங்கள். நாஸுக்கென விற்ற சில ரெட் டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் தொழில்நுட்பம் இருப்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020-ல்தான் ஒப்புக்கொண்டது. இவ்வகை டிஸ்க்கில், கெட்டதை மாற்றி மறுபடி நிரப்பும் வேலை மிகவும் இழுக்கும். நொடிக்கு 150 எம்.பி. வேகத்தில் எழுதினாலே 8 டி.பி. டிஸ்க் நிரம்ப ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். ரெய்டு 1, 5 இரண்டிலும் அதற்குள் இன்னொன்று கெட்டால் கதை முடிந்தது.

கரண்ட் போகும் வீடுகளில் ஒரு யுபிஎஸ் அவசியம். டிஸ்க் கெட்டால் மெயில் வரும்படி செட்டிங்ஸில் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்று செத்துப் பல மாதம் ஆனது தெரியாமல், மிச்சம் இருக்கும் ஒற்றை டிஸ்க்கை நம்பிக்கொண்டிருப்போம்.

டிஸ்க்குக்கு ஆர்டர் போடும் முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இன்று ராத்திரி அந்தப் பெட்டியே காணாமல் போனால், பாட்டியின் குரலை நாளை எங்கிருந்து எடுப்பீர்கள்? பதில் இருந்தால், தாராளமாக ரெய்டு போடுங்கள்.