விலகலும் விலக்கலும்

"தீட்டு என்றோம், சிரித்தீர்கள்! மடி என்றோம், மடமை என்றீர்கள்! தொடாதே, எட்டி நில், கைகால் கழுவிவிட்டு உள்ளே வா என்று எங்கள் பாட்டன் அன்றே சொன்னதை இன்று உலகமே ஒப்புக்கொண்டுவிட்டதே! இப்போது என்ன சொல்லப் போகிறீர்கள், பகுத்தறிவாளர்களே?"

2020ஆம் ஆண்டு, கொரோனாவுக்கு அஞ்சி நாடு கதவடைத்துக் கிடந்த நாட்களில், இந்தக் கேள்வி கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. படித்தவர் அனுப்பினர், பட்டம் பெற்றவர் பரப்பினர். ஊரடங்கு பழங்கதையாகிவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் இன்னும் உலவுகிறது. திருமணப் பந்தியிலே கேட்கிறேன். ஆசிரியர் அறையிலேயும் கேட்கிறேன். ஆகவே விடை கூறியாக வேண்டும்.

விடை தேடி ஏடுகளைப் புரட்ட வேண்டாம், தோழர்களே! தாம்பரத்துக்கு வாருங்கள், போதும்!

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழகத்திலே தடையுத்தரவு. அன்று நள்ளிரவு முதல் நாடெங்கும் 21 நாள் ஊரடங்கு. மின்சார ரயில் நின்றது. ஓயாது இரையும் ஜி.எஸ்.டி. சாலை ஊமையாயிற்று. "வீட்டிலேயே இருங்கள்" என்றனர். நல்லது. எந்த வீட்டிலே? பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் ஓர் அறையே வீடாக, அந்த அறைக்குள்ளே ஐந்து உயிராக வாழும் குடும்பங்கள் எத்தனை! நான்கு குடித்தனத்துக்கு ஒரே குழாய், ஒரே கழிப்பறை. "நோய் கண்டவர் தனியறையில் இருக்கவும்" என்றது அறிவுரை. தனியறைக்கு எங்கே போவான், அறையே ஒன்றாக உள்ளவன்?

கொத்தனாருக்கு வேலை இல்லை. வீட்டுவேலை செய்யும் தாய்க்கு வாசற்படி மிதிக்க அனுமதி இல்லை. அரிசி அட்டைக்கு அரசு 1,000 ரூபாய் தந்தது. அரிசியும் பருப்பும் சர்க்கரையும் எண்ணெயும் விலையின்றித் தந்தது. அந்த அரிசி இல்லையேல் பல அடுப்புகள் எரிந்திரா. ஆனால் வாடகையை எந்தக் கடையில் அளந்து வாங்குவது?

அந்த மக்கள் எப்படித் தாக்குப் பிடித்தனர்? மடி காத்தா? ஆசாரம் பேணியா? நான் அப்போது கல்லூரி மாணவன். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். மாடி வீட்டு அம்மையார் கயிற்றிலே கூடை கட்டி இறக்குவார். கீழே உள்ளவர் காய்கறியும் மாத்திரையும் வைத்து அனுப்புவார். காய்ச்சல் கண்ட வீட்டுத் தாழ்ப்பாளிலே காலையில் பால் பை தொங்கும். வைத்தவர் யார் என்றே தெரியாது. ஒரு வீட்டுக் கைப்பேசியிலே மூன்று வீட்டுப் பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே நின்று பாடம் கேட்டனர். உடல் எட்டி நின்றது. உள்ளம் கிட்டே வந்தது. குடும்பங்களைக் காத்தது அந்த உறவுதான்!

ஆனால் அதே தெருவிலே வேறொன்றும் கண்டேன். நோய் கண்ட வீட்டின் வாயிலிலே தகரம் அடித்தனர். சுவரிலே தாள் ஒட்டினர். பதினான்கு நாள் கழிந்தது, தகரம் அகன்றது, தாள் கிழிந்தது. பார்வை மட்டும் அகலவில்லை! அந்த வீட்டைக் கடக்கும்போது மறுபக்கம் ஒதுங்கி நடந்தனர். அந்த வீட்டுத் தாயை, வேலைக்கு வைத்திருந்தவர்கள் மீண்டும் அழைக்கவில்லை. நோய் போன பின்னும் நீடித்த அந்த விலக்குக்கு எந்த மருத்துவ நூலிலே இடமுண்டு? இத்தகைய தாள் ஒட்டப்பட்ட வீட்டாரை மக்கள் தீண்டத்தகாதவரைப் போல் நடத்துகின்றனர் என்று 2020 டிசம்பரிலே உச்ச நீதிமன்றமே கவலை தெரிவித்தது. கவனியுங்கள், 'தீண்டத்தகாதவர்' என்ற சொல்லை! நோய்க் கிருமி சீனத்திலிருந்து வந்திருக்கலாம். இந்த நோய் இங்கேயே விளைந்தது!

உயிரோடிருந்தவர் கதை இது. இறந்தவர் கதையையும் கேளுங்கள். 2020 ஏப்ரல் 19 அன்று, சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் மாண்டார். அவரைப் புதைக்க ஆறடி மண் கேட்டபோது கூட்டம் திரண்டு தடுத்தது. வேறு இடுகாட்டுக்குக் கொண்டு சென்றால், அங்கே கல் பறந்தது. வண்டி ஓட்டியவர்கள் காயமுற்றனர். இறுதியில் உடன் பணிபுரிந்த மருத்துவர் ஒருவர் நள்ளிரவிலே தாமே மண்ணள்ளி மூட நேர்ந்தது. புதைத்த உடலிலிருந்து நோய் பாய்ந்து வரும் என்று எந்த விஞ்ஞானி சொன்னான்? எவனும் சொல்லவில்லை. சொன்னது தீட்டு! அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று அரசு அவசரச் சட்டமே பிறப்பிக்க வேண்டியதாயிற்று. ஈரோட்டிலே பிளேக் பரவி, ஊரார் ஓடியபோது, பிணங்களைத் தம் தோளிலே சுமந்து அடக்கம் செய்தாரே பெரியார், அந்த நாட்டிலா இது?

இனி அந்தக் கேள்விக்கு நேராகவே வருகிறேன். தாம்பரத்துக்கு வாருங்கள் என்றேனே, ஏன்? ரயிலில் வருவோர் 'தாம்பரம் சானடோரியம்' என்ற நிலையத்தை நாள்தோறும் கடக்கின்றனர். அந்தப் பெயர் எப்படி வந்தது? காசநோயாளரைத் தனியே வைத்து மருத்துவம் செய்ய, 1928ஆம் ஆண்டு டாக்டர் டேவிட் சௌரிமுத்து மலையடிவாரத்திலே நிறுவிய மருத்துவமனையால் வந்தது. 1937இல் அதனை அரசு ஏற்றது. காசநோய்க்குக் காரணம் கிருமி என்று ராபர்ட் கோக் 1882இலேயே காட்டிவிட்டார். ஆனால் கொல்லும் மருந்து அன்று இல்லை. ஆகவே விலக்கி வைத்தது விஞ்ஞானம்.

பிறகு மருந்து வந்தது. உடனே விஞ்ஞானம் தன்னையே கேட்டது: "இன்னும் விலக்கி வைக்கத்தான் வேண்டுமா?" 1956இல் சென்னைச் சேத்துப்பட்டிலே ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது. ஏழை நோயாளரில் ஒரு பகுதியினரை மருத்துவமனையிலே வைத்தனர். ஒரு பகுதியினரை அவர்தம் நெருக்கடியான வீடுகளிலேயே விட்டு மருந்து தந்தனர். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். மருந்துண்ணும் நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்ததால் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகவும் பரவவில்லை! அந்த முடிவைக் கேட்டு உலகமே தன் வழியை மாற்றிக்கொண்டது. பிரித்து வைத்த குடும்பங்கள் சேர்ந்து வாழ வழி பிறந்தது.

பார்த்தீர்களா வேறுபாட்டை! விஞ்ஞானம் விலக்கியது; காரணம் சொன்னது; காலம் குறித்தது; சோதித்தது; தேவையில்லை என்று கண்டதும் கதவைத் திறந்தது. தீட்டு என்றைக்காவது சோதனைக்கு உடன்பட்டதுண்டா? "பதினான்கு நாள் முடிந்தது, இனி கோயிலுக்குள் வா" என்று சேரியைப் பார்த்துச் சொன்னதுண்டா? கிருமிக்காக விலகினோம், அதில் அர்ச்சகரும் ஒன்று, அள்ளுபவரும் ஒன்று. தீட்டோ கிருமியைக் கேட்பதில்லை, பிறப்பைக் கேட்கிறது! கிருமி கண்டவன் குணமடைவான். தீட்டு கண்டவன் சாகும்வரை தீட்டுத்தான்! நோய் நாளில் எல்லோரும் வீட்டுக்குள்ளே இருக்க, குப்பை அள்ள வீதிக்கு வந்தவர் யார்? உங்கள் பாட்டன் தீட்டு என்று ஒதுக்கிய அதே மக்கள் அல்லவா? அவர்கள் விலகியிருந்தால் உங்கள் மடி எத்தனை நாள் மணத்திருக்கும்?

'சமூக இடைவெளி' என்ற சொல்லை வெளிநாட்டிலிருந்து பெயர்த்து வந்தோம். சமூக இடைவெளி இந்த நாட்டுக்குப் புதிதா? அது உலகுக்கே நாம் ஏற்றுமதி செய்யத்தக்க சரக்கல்லவா! 'உடல் இடைவெளி' என்பதே தக்க சொல் என்று 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார நிறுவனம் கூறியது. நாமும் அப்படியே சொல்லுவோம். சொல் திருந்தினால் சிந்தை திருந்த வழி உண்டு.

இதைப் பழங்கதை என்று எண்ணாதீர். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். வீட்டுக்குள்ளே வளர்ந்த அந்தத் தலைமுறைக்குத்தான் நான் இன்று பாடம் சொல்கிறேன். ஒரு நாள், "அண்டை வீட்டார்" என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: "எங்கள் வீட்டில் தகரம் அடித்த பிறகு பக்கத்து வீட்டு அத்தை என்னைக் கூப்பிடுவதே இல்லை." இத்தனை ஆண்டு கழிந்தும் அந்தத் தகரம் அவள் நெஞ்சிலே நிற்கிறது! அதைப் பிடுங்குவது எந்த அரசாணை?

தோழர்களே! நோய் மீண்டும் வரலாம். அன்று அரிசியும் வாடகைக்கு வழியும் தனியறையும் கேட்டு அரசிடம் போராடுவோம். அதற்கு முன், இன்றே, உங்கள் தெருவிலே தகரம் அடிக்கப்பட்டிருந்த அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உள்ளே சென்று ஒரு குவளைத் தண்ணீர் கேட்டுக் குடியுங்கள்.

நோய் வந்தால் விலகி நிற்போம். எவரையும் விலக்கி வையோம்!