உரல் போயிற்று; நடை வந்ததா?

இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் உடலைப் போதிய அளவு அசைப்பதில்லை!

இப்படி ஒரு கணக்கு 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் வெளியாயிற்று. கணக்கு எடுத்தவர்கள், உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் மற்ற ஆராய்ச்சியாளர்களும். 2022-ம் ஆண்டு நிலவரத்தை அவர்கள் கணக்கிட்டார்கள்.

ஆண்களில் 100-க்கு 42 பேர். பெண்களில் 100-க்கு 57 பேர்.

பெண்கள் தான் அதிகம்!

இதைக் கேட்டால் எந்த வீட்டு அம்மாவுக்கும் கோபம் வரும். "விடியற்காலை எழுந்தால் ராத்திரி பத்து மணி வரை உட்கார நேரம் இல்லை. நான் உடம்பை அசைக்கவில்லையா?" என்று கேட்பார். கேள்வி நியாயமானது. ஆனால் கணக்கும் தவறு அல்ல.

அடுப்படியில் நிற்பது வேலை தான். அலுப்புத் தரும் வேலை. ஆனால் அது பெரும்பாலும் நெஞ்சுத் துடிப்பைக் கூட்டும் வேலை அல்ல. டாக்டர்கள் கேட்பது வேறு. வாரத்துக்கு 150 நிமிடமாவது நெஞ்சுத் துடிப்பு சற்றுக் கூட வேண்டும்; மூச்சு சற்று வாங்க வேண்டும். அதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. அந்த வேகத்தில் நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடியும். பாட்டுப் பாட முடியாது.

முன்பு இந்த வேலையை வீடே வாங்கிக்கொண்டது. உரலில் நெல் குத்தினார்கள். ஆட்டுக்கல்லில் மாவு அரைத்தார்கள். கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். ஆண்கள் வயலுக்கும் சந்தைக்கும் நடந்தார்கள். இப்போது கிரைண்டர் ஓடுகிறது. மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. தெருக்கோடிக் கடைக்கும் மோட்டார் சைக்கிள்.

அதற்காக உரலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சொல்வது அநியாயம். உரலின் பெருமையைப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் நெல் குத்தியவர்கள் அல்ல. தோளும் முதுகும் தேய உழைத்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். கிரைண்டர் வந்தது நல்லதே. அது மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரம் எங்கே போயிற்று என்பது தான் கேள்வி.

லண்டன் பஸ்சில் கிடைத்த ரகசியம்

உட்கார்ந்தே இருந்தால் மாரடைப்பு வருமா? இதை முதன் முதலில் பெரிய அளவில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர்.

லண்டன் நகரில் இரண்டு மாடி பஸ்கள் ஓடின. டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்குவார். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான படிகள்! இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஒரே ஊர். வித்தியாசம் ஒன்று தான். ஒருவர் உட்கார்ந்தார்; மற்றவர் ஏறினார்.

மோரிஸ் குழுவினர் போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31 ஆயிரம் பேரின் கணக்கைப் பார்த்தார்கள். எல்லோரும் 35 வயதில் இருந்து 64 வயது வரை உள்ளவர்கள். 1953-ல் முடிவு வெளியாயிற்று. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் வயது கடந்து வந்தது. உயிரைப் பறிப்பதும் குறைவாக இருந்தது.

எல்லோரும் உடனே நம்பிவிடவில்லை. மோரிசும் அதோடு விடவில்லை. டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் யூனிபாரம் தைத்த அளவுகளை வாங்கிப் பார்த்தார். 1956-ல் அதையும் வெளியிட்டார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பு பெரிதாக இருந்தது! அப்படியானால் பருத்தவர்கள் தான் டிரைவர் வேலைக்குப் போனார்களோ? அந்தச் சந்தேகத்தையும் பிறகு ஆராய்ந்தார்கள். ஒல்லியோ, பருமனோ, கண்டக்டர் பக்கமே நன்மை இருந்தது. அதற்குப் பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அதே திசையில் தான் கை காட்டின.

மோரிஸ் 2009-ல் காலமானார். அப்போது அவருக்கு வயது 99.

கெண்டைக்கால் செய்யும் வேலை

நடந்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

இருதயம் ரத்தத்தைக் கீழே தள்ளுகிறது. பாதம் வரை போன ரத்தம் மேலே ஏறி வர வேண்டுமே! அதற்கு உதவுவது கெண்டைக்கால் தசை. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் தசை இறுகுகிறது. ரத்தக் குழாயை அமுக்குகிறது. ரத்தம் மேலே போகிறது. குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. மேலே போன ரத்தம் கீழே வராமல் அவை தடுக்கும். கெண்டைக்காலை "இரண்டாவது இருதயம்" என்று டாக்டர்கள் சொல்வது இதனால் தான்.

அசையாமல் நின்றால் இந்த வேலை நடப்பதில்லை. ரத்தம் காலில் தேங்குகிறது. மாலையில் கால் வீங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி நிற்பவர்களுக்கு அந்தக் கதவுகள் பழுதாகி, காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளவும் கூடும். ஆகவே நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பது கெடுதல் என்றால், நாள் முழுவதும் நிற்பதும் மருந்து அல்ல. ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் வேலை பார்க்கும் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2021-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் தமிழக சட்டசபையில் ஒரு சட்டத் திருத்தம் நிறைவேறியது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால், அதற்கு முன் அவர்கள் பட்ட பாட்டை யோசித்துக்கொள்ளலாம்!

இன்னொரு கால் வலி இருக்கிறது. அதை அலட்சியம் செய்யக் கூடாது. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். நின்றால் சில நிமிடங்களில் போய்விடும். மறுபடி நடந்தால் மறுபடி வரும். "வயதாகிவிட்டது" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது ரத்தக் குழாய் அடைபடுவதன் அறிகுறியாக இருக்கலாம். பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கும், சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் இது அதிகம். டாக்டரிடம் காட்ட வேண்டும். வேடிக்கை என்னவென்றால் இதற்கும் ஒரு சிகிச்சை நடை தான். டாக்டர் அனுமதித்தால், வலி வரும் வரை நடக்க வேண்டும். நின்று, வலி தீர்ந்ததும் மறுபடி நடக்க வேண்டும். மூன்று மாதம் விடாமல் செய்தால் வலி இல்லாமல் நடக்கும் தூரம் பலருக்குக் கூடுகிறது.

சர்க்கரை வியாதிக்காரர்கள் வெறுங்காலோடு நடப்பது ஆபத்து. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். முள் குத்தினாலும் தெரியாது. உச்சி வெயிலில் கோவில் பிரகாரத்துக் கல் சுட்டாலும் தெரியாது. மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத் தான் தெரியும்.

பத்தாயிரம் அடி யார் சொன்னது?

"தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும்" என்று பேசிக்கொள்கிறார்கள். இது எந்த டாக்டரும் ஆராய்ந்து கண்டுபிடித்த எண் அல்ல. 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் பெயரே "பத்தாயிரம் அடி மீட்டர்" என்று பொருள்படும். விளம்பரத்துக்கு வைத்த எண், உலகம் முழுவதும் வேதவாக்காகிவிட்டது!

2025-ல் பல ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். தினம் 2 ஆயிரம் அடி நடப்பவர்களோடு ஒப்பிட்டால், 7 ஆயிரம் அடி நடப்பவர்களுக்கு இறப்பு அபாயம் 100-க்கு 47 பங்கு குறைவாகத் தெரிந்தது. நோய் இல்லாதவர்கள் தான் அதிகம் நடக்க முடியும் என்பதால் இந்த எண்ணையும் அப்படியே விழுங்க வேண்டியது இல்லை. ஆனால் பத்தாயிரம் முடியாதே என்று படுத்துக்கொள்வதை விட நாலாயிரம் மேல்.

தமிழக அரசு 2023-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோ மீட்டர் நடைப் பாதைகளைத் தொடங்கியது. "நடப்போம் நலம் பெறுவோம்" என்று அதற்குப் பெயர். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் எட்டு கிலோ மீட்டர் நடக்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அந்த நேரம் உள்ளவர் யார்? பெரும்பாலும் பென்ஷன் வாங்குகிறவர். அல்லது சமைத்து வைக்க வீட்டில் வேறு ஆள் உள்ளவர்.

நடை மட்டும் போதாது என்பதும் உண்மை. நாற்பதுக்கு மேல் தசை மெல்ல மெல்லக் கரைகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் வேலை வேண்டும். கையால் பிடிக்காமல் நாற்காலியில் இருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருவதே ஒரு பயிற்சி தான். முழங்கால் நன்றாக உள்ளவர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழலாம். 65 வயதைத் தாண்டியவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கப் பழகலாம். விழுந்து இடுப்பு எலும்பு முறியாமல் இருக்க அது உதவும்.

ஊறுகாய் ஜாடி

ரத்தக் கொதிப்பு வலிக்காது. அது தான் அதன் கெட்ட குணம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்குப்படி வயது வந்தவர்களில் 100-க்கு 35 பேருக்கு அது இருக்கிறது. மூன்று பேரில் ஒருவர்! பலருக்குத் தெரியவே தெரியாது. சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிப் பேர்.

உப்பு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் போதும். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. சாம்பாரில், ரசத்தில், சோற்றில், மோரில் என்று அதற்குள் அடங்க வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் வந்தால் கணக்கு எகிறிவிடும். தட்டில் சோற்று மலையைச் சற்றுக் குறைத்து, பருப்பையும் சுண்டலையும் காயையும் கூட்டினால் சர்க்கரைக்கும் நல்லது.

இதெல்லாம் நடக்கிற காரியமா?

பின்லாந்து நாட்டில் நடந்திருக்கிறது. அங்கே வட கரேலியா என்று ஒரு பகுதி. காடும் பால் பண்ணையும் நிறைந்த இடம். 1970-ஐ ஒட்டி, நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் மடிந்துகொண்டிருந்தார்கள். ரொட்டியில் வெண்ணெய், சமையலில் வெண்ணெய், எல்லாவற்றிலும் உப்பு. கையில் சிகரெட். 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டர் தலைமையில் வேலை தொடங்கியது. அவர்கள் பெரிய ஆஸ்பத்திரி கட்டவில்லை. குடும்பப் பெண்களின் சங்கத்தைப் பிடித்தார்கள். பழைய குழம்பையே குறைந்த கொழுப்பில், காய்கறி கூட்டி, சுவையாகச் சமைத்துக் காட்டினார்கள். கிராமம் கிராமமாக விருந்து வைத்தார்கள். சுமார் 35 ஆண்டுகளில் அங்கே வேலை செய்யும் வயதுள்ள ஆண்களின் இருதய நோய்ச் சாவு 100-க்கு 80 பங்குக்கு மேல் குறைந்தது!

ஒருவருக்குத் தனிச் சமையல் என்று அங்கே வைக்கவில்லை. முழு வீடும் மாறியது. நம் வீடுகளில் அப்பாவுக்கு மட்டும் உப்பில்லாச் சாப்பாடு வைத்து, பக்கத்திலேயே பிள்ளைகளுக்கு வறுவல் வைப்பார்கள். அவர் எத்தனை நாள் பொறுப்பார்?

மாத்திரை வாசலுக்கு வந்தது

தமிழகத்தில் 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கப்பட்டது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீடு தேடிப் போய்க் கொடுத்தார்கள். பெண் தன்னார்வலர்கள் தான் இந்த வேலையின் முதுகெலும்பு. 2024-ல் ஐக்கிய நாட்டு அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது.

மாத்திரையை அலமாரியில் வைத்தால் பயன் இல்லை. "இப்போது நன்றாக இருக்கிறேன்" என்று பாதியில் நிறுத்துவது தான் பெரிய தவறு. நன்றாக இருப்பதே மாத்திரையால் தான். நடக்கத் தொடங்கியவர்களும் டாக்டரைக் கேட்காமல் அளவைக் குறைக்கக் கூடாது. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் "வாயு" என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

மாத்திரையை வாசலில் கொண்டுவந்து கொடுக்கலாம். நடையை அப்படிக் கொடுக்க முடியாது. அதற்கு நேரம் வேண்டும்.

காலை ஐந்து மணிக்குப் பூங்கா திறக்கிறது. அதே நேரத்தில் வீட்டில் பால் வருகிறது. குழாயில் தண்ணீர் வருகிறது. பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். பூங்காவில் அப்பா இருக்கிறார். அம்மா அடுப்படியில் இருக்கிறார். 42-க்கும் 57-க்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும் பங்கு இங்கே தான் இருக்க வேண்டும்.

அரை மணி நேரத்தை ஒரே மூச்சில் நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பத்துப் பத்து நிமிடமாக நடந்தாலும் கணக்கில் சேரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கும் குறைவாக நடந்தாலும் சேரும் என்று 2020-ல் அது விதியைத் தளர்த்திவிட்டது. சாப்பிட்ட பின் நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் குறையும். ஆகவே ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் அம்மா தெருவில் இரண்டு சுற்று வரலாம். அதற்குள் பாத்திரத்தை அப்பாவோ மகனோ கழுவி வைக்கலாம்.

தெரு விளக்கு எரிய வேண்டும். நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிற்கக் கூடாது. சாயங்காலம் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூட மைதானத்தை ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் தெருவுக்குப் பத்துப் பெண்களாவது வருவார்கள். இந்த மூன்றும் பஞ்சாயத்தும் நகராட்சியும் செய்ய வேண்டியவை. எட்டு கிலோ மீட்டர் பாதை போட்ட செலவில் இவற்றுக்கு எவ்வளவு ஆகிவிடும்?