பெயரில் மட்டும் பொதுமை

கைக்கணினிகளின் வரலாற்றைப் பேசுவோர் பலரும் ஒரே தீர்ப்பையே எழுதி வருகின்றனர். 2007இல் ஐபோன் வந்தது. பாம் நிறுவனம் வீழ்ந்தது. வசதியான தீர்ப்புத்தான். ஆனால் அது அரைவாசி உண்மையே. தன்னை நம்பிப் பணம் செலவிட்டவர்களைப் பாம் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே கைவிடத் தொடங்கிவிட்டது. மேசை லாச்சிகளுக்குள் முடங்கிய துணைக்கருவிகளே அதற்குச் சாட்சி.

1996இல் வெளிவந்த முதலாவது பைலற்றின் வலிமை எளிமையில் இருந்தது. சட்டைப் பைக்குள் அடங்கும் உருவம், இரண்டு சிறிய பற்றரிகள், 128 கிலோபைற் நினைவகம், கணினியோடு தகவல்களை ஒத்திசைக்க ஒரு தாங்கி. அவ்வளவே. எஞ்சிய தேவைகளைப் பிறர் நிறைவு செய்தனர். மோடம் வந்தது. மடித்துப் பைக்குள் வைக்கக்கூடிய விசைப்பலகை வந்தது. இவற்றை வாங்கியவர்கள் கருவியை மட்டுமன்றி ஒரு வாக்குறுதியையும் சேர்த்தே வாங்கினார்கள்.

அந்த வாக்குறுதி என்னவாயிற்று? 1999இல் வந்த பாம் ஃபைவ், வேறு வடிவ இணைப்பியோடு வந்தது. பழைய விசைப்பலகை அதில் பொருந்தாது. 2001இல் இன்னோர் இணைப்பி. அதற்கு 'யூனிவர்சல்', அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவானது என்று பெயர் வேறு! அடுத்த ஆண்டே மலிவு விலைச் சையர் அதனைக் கைவிட்டது. 2004இல் ரங்ஸ்ரன் ரீ5 மற்றுமோர் இணைப்பியைக் கொண்டு வந்தது. பொதுமையின் ஆயுள் மூன்றே ஆண்டுகள்.

போட்டியாளரான ஹாண்ட்ஸ்பிரிங்கும் யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை. 1999இல் வைசர் கருவியின் முதுகில் ஸ்பிரிங்போர்ட் என்ற துளையை அமைத்து, புகைப்படக் கருவி முதல் தொலைபேசி வரை எதையும் செருகலாம் என்றது. 2002இல் வெளிவந்த அதன் ட்ரியோவில் அந்தத் துளையே இல்லை.

கருவி மெலிய வேண்டுமாயின் இணைப்பியும் மாறத்தானே வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். பாம் ஃபைவுக்கு அந்த நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு முறைக்குப் பொருந்தும் நியாயத்தை ஒவ்வொரு முறையும் நீட்டிக்கொண்டிருக்க முடியாது.

இதே பாம் உலகம் மென்பொருள் விடயத்தில் எப்படி நடந்துகொண்டது என்று பாருங்கள். 2002இல் பாம் ஓ.எஸ். 5 வந்தபோது, மோட்டரோலா வகைச் செயலியிலிருந்து ஆர்ம் வகைச் செயலிக்கு மாறினார்கள். பழைய மென்பொருட்கள் யாவும் அன்றே மாண்டிருக்க வேண்டும். மாளவில்லை. பழைய செயலியைப் போல இயங்கும் ஓர் அடுக்கைப் பொறியியலாளர்கள் உள்ளே வைத்தார்கள். முறைப்படி எழுதப்பட்டிருந்த பழைய மென்பொருட்களில் பெரும்பாலானவை புதிய கருவியிலும் இயங்கின. இதயத்தையே மாற்றியும் பழைய உறவைக் காக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு துளையின் வடிவத்தைக் காக்கத் தெரியாமற் போனதா? தெரியாமை அல்ல, அக்கறையின்மை.

பழங்கதையை இன்று கிளறுவதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சட்டமியற்றி, 2024 டிசெம்பர் 28 முதல் புதிய கைத்தொலைபேசிகளில் யூ.எஸ்.பி.-சி மின்னேற்றத் துளையைக் கட்டாயமாக்கியது. அத்தகைய கட்டாயம் புத்தாக்கத்தை நெரித்துவிடும் என்று அப்பிள் எதிர்த்தது. பின்னர் 2023இல் ஐபோன் 15இல் அதே துளையைத் தானே பொருத்தியது. வானம் இடிந்து விழவில்லை. நிறுவனங்களின் நல்லெண்ணத்தை நம்பியிருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பாமின் இணைப்பிகளே பாடம். சட்டம் வேண்டாம் என்போர் அந்தப் பாடத்தைப் படிக்கட்டும்.

2022இல் இணைய ஆவணக் காப்பகம் பழைய பாம் மென்பொருட்களை உலாவியிலேயே இயக்கிப் பார்க்க வழிசெய்தது. கால் நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட சதுரங்க விளையாட்டு இன்றும் உயிரோடிருக்கிறது. அதனைவிடப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கிய மடக்கு விசைப்பலகை, ஒரு விசையும் பழுதாகாமல், செருக இடமின்றிக் கிடக்கிறது.