கொரியத் தொடருக்குக் கொதிக்கும் நாம்

விழுப்புரத்தில் என் தோழர்கள் ‘தி குளோரி’ பார்த்துக் கொதித்தார்கள். பணக்கார மாணவர் கும்பல், ஏழைச் சக மாணவியின் உடலில் சூடு வைக்கும் கொரியத் தொடர் அது. அது வெளியான அதே 2022இல்தான், திண்டிவனம் அருகே காட்டுச்சிவிரியில் ஆறாம் வகுப்புத் தலித் சிறுவனை ஆதிக்கச் சாதி மாணவர்கள் தீயில் தள்ளியதாக வழக்குப் பதிவானது. 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள், அவனோடு படித்தவர்களே.

தொடரில் கொடுமையின் வேர் பணம்; தீர்வு, தனியொருத்தியின் பழிவாங்கல். இங்கே வேர் சாதி. வீடும் தெருவும் கற்றுக்கொடுத்த வெறியைத் தனியாள் பழிதீர்த்து ஒழிக்க முடியாது.

நாங்குநேரிக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர் கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என 2024இல் பரிந்துரைத்தது. தோழர்களே, அந்தக் கொதிப்போடு இதை நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேட்போம்.