பத்தை விட்டால் எண்ணத் தெரியாதா?

கற்பனை மொழி உருவாக்க நினைப்பவர்களுக்கு மைசூர் நண்பர் ஒருவர் குறுக்குவழி சொல்லியிருக்கிறார். ஒன்று முதல் பத்து வரை புதுச் சொற்கள், நூறுக்கும் ஆயிரத்துக்கும் ஒவ்வொன்று. மிச்சத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொள்ளலாம். விதிவிலக்கு கூடாது, அளவுப் பெயர்கள் வீண் சுமை. சாட்சிக்குக் கிளிங்கன் என்ற கற்பனை மொழியை அழைக்கிறார்: மூன்று மூன்றாக எண்ணிய அந்த மொழியே கடைசியில் பத்துக்கு வந்துவிட்டதாம்.

வந்தது மெய்தான். ஏன் வந்தது என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். 1985-இல் வந்த கிளிங்கன் அகராதியில், அந்த மொழியை உருவாக்கிய மார்க் ஓக்ராண்ட் அதற்கொரு காரணம் வைத்திருக்கிறார்: மாறியது நட்புக்காக இருக்காது, அடுத்தவர்களின் அறிவியல் கணக்குகளைப் புரிந்துகொள்ளத்தான் இருக்கும் என்கிறார். எண்முறை மாற்றத்துக்குள்ளேயே ஒரு போர்க்குடியின் குணம் தெரிகிறது. நண்பருக்கோ அதில் பத்து மட்டுமே தெரிகிறது. ‘அவதார்’ (2009) படத்தின் வேற்றுலகவாசிகளான நாவிகளுக்குக் கைக்கு நான்கு விரல்; ஆகவே அவர்கள் மொழியை உருவாக்கிய பால் ஃப்ராமர் அவர்களை எட்டெட்டாக எண்ண வைத்தார். நம்மவர் யோசனைப்படி அவர்கள் இல்லாத விரலையும் மடக்க வேண்டும்.

விதிவிலக்கு கூடாதாமே! ஒன்பதுக்கு அடுத்து தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று நூறையும் ஆயிரத்தையும் முன்கூட்டியே இழுத்துப் போட்டுக்கொள்ளும் தமிழை வீட்டில் பேசுகிறவர் சொல்வது இது. ஒடிசா, ஆந்திர எல்லையில் பேசப்படும் சவர மொழியில் பதின்மூன்று என்றால் பன்னிரண்டும் ஒன்றும். முப்பத்தொன்பது, இருபதும் பன்னிரண்டும் ஏழும். நண்பரின் விதிப்படி இது மொழியே இல்லை. 1969-இல் இருந்து இந்திய மொழிகளை ஆராய்ந்துவரும் நடுவண் நிறுவனம் அவர் ஊரில், மானசகங்கோத்ரியில்தான் இருக்கிறது. ஆட்டோ பிடித்தால் போய்விடலாம்.

அவ்வளவு தூரம் முடியாதென்றால் அதே ஊரின் தேவராஜ மார்க்கெட்டுக்காவது போகட்டும். அங்கே மல்லிகையை முழத்திலும் மாரிலும் அளக்கிறார்கள். அளவுகோல் விற்பவளின் கை. அளவுப் பெயர் இல்லாத மொழிக்குச் சந்தை கிடையாது, சந்தை இல்லாத ஊரைக் கதைக்குள் வைத்து என்ன செய்வது? பின்னத்துக்கு ‘அரை’ போதும் என்று வேறு எழுதுகிறார். நம் பழைய கணக்கர்கள் மாகாணி (1/16), காணி (1/80), முந்திரி (1/320) என்று இறங்கி, அந்த முந்திரியையும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்று பெயரிட்டார்கள். நிலத்தையும் நெல்லையும் பங்குபோட வேண்டியிருந்தவர்களுக்கு ‘அரை’ போதவில்லை.

‘பாகுபலி’யின் காலகேயர்களை இழுத்து, கத்திக்கொண்டு ஓடிவருகிறவர்களுக்குக் கணக்கு எதற்கு என்று கேட்டதுதான் உச்சம். மதன் கார்க்கி அவர்களுக்காகச் சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளுமாகக் கிளிக்கி என்ற மொழியை அமைத்தார். நண்பர் அமைத்திருந்தால் பத்துப் பன்னிரண்டு சொல்லோடு எண் கணக்கு முடிந்திருக்கும். கொள்ளைக்கு வருகிற படை முதலில் தலையை எண்ணும், பிறகு பங்கைப் பிரிக்கும். எட்டில் ஒரு கூறு தனக்கு என்று கேட்கும் தளபதியால் நம்மவர் மொழியில் வாயே திறக்க முடியாது.