பலகை இழைக்கிற கூலிக்குப் பேரம் பேசும் கனவான்களுக்கு

ஆபீஸில் ஆணி கொஞ்சம் கம்மி. சரி, ஊருக்குப் போய் நிஜ ஆணி அடிக்கலாம்னு கீழ்வேளூர் கிளம்பிட்டேன். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் சாய்த்த எங்கள் கொல்லைப் பூவரசு, ஒரு அங்குலப் பலகைகளாக அறுபட்டுத் தாழ்வாரத்தில் வருஷக்கணக்காகக் காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பெஞ்சு செய்ய ஆசை.

ஆசாரி இழைப்புக் கூலி சொன்னார். கூட நின்ற சித்தப்பா, "மெஷின்ல விட்டு எடுக்கறதுக்கு இவ்வளவா?" என்றார். நானும் தலையாட்டினேன். இன்ஜினியர் ஆச்சே! "நானே இழைச்சுக்கறேன்"னு வேற சவடால். அந்தத் தலையாட்டலுக்குப் பரிகாரம்தான் இந்தப் பதிவு.

இழைப்பு மெஷினில் ரெண்டு மேஜை, நடுவில் சுழலும் கத்தி. பின் மேஜை கத்தியின் உச்சிக்குச் சமம். முன் மேஜை ஒரு மில்லிமீட்டர் இறக்கம், அதுதான் வெட்டின் ஆழம். இவ்வளவுதானே? ஆறடிப் பலகையைப் பலங்கொண்ட மட்டும் அழுத்தி ஆறு தடவை தள்ளினேன். பளபளன்னு வந்தது. தரையில் வைத்தால் மூலைக்கு மூலை தாளம் போடுது!

விஷயம் இதுதான் மக்களே. நான் அழுத்தினப்போ பலகை மேஜையோடு படிந்துகொண்டது. கையை எடுத்ததும் பழைய முறுக்குக்கே திரும்பிடுச்சு. ஆக, கோணல் பலகையை மெலிசான கோணல் பலகையாக்கியிருக்கேன். கனம் குறைக்கிற இன்னொரு மெஷின் இருக்கே, அதன் உருளைகளும் இதே மாதிரிதான் அழுத்தும். ஒரு முகத்தை நேராக்காமல் அதில் விட்டால் இதே கதைதான்.

"தம்பி, மரத்த மெரட்டாதீங்க" என்றார் ஆசாரி. பலகையின் ரெண்டு முனையிலும் ஒவ்வொரு நேர்சட்டத்தைக் குறுக்கே வைத்து, குனிந்து ஒரு கண்ணால் பார்க்கச் சொன்னார். சட்டம் ரெண்டும் இணையாக இல்லை, ஒரு மூலை தூக்கல். அங்கே பென்சில் கோடு போட்டு, லேசாகத் தள்ளி, வெட்டுப்பட்ட பகுதி பின் மேஜைக்கு வந்த பிறகு அங்கே மட்டும் அழுத்தினார். கத்திக்கு நேர்மேலே கை போகவே இல்லை. நான் ஆறு தடவையில் செய்யாததை மூணு தடவையில் முடிச்சுட்டார்.

இந்தக் கண்ணுக்குத்தான்யா கூலி! ஒரு பட்டனோட கலர் மாத்த மூணு நாள் எஸ்டிமேட் கொடுக்கிறோமே, "கம்ப்யூட்டர்தானே செய்யுது"ன்னு எவனாவது சம்பளத்தைக் குறைக்கிறானா? கூடுதலாகக் கேட்கிற ஆசாரியும் இருப்பார், இல்லைங்கல. அதைச் சொல்ல, வேலை என்னன்னு தெரிஞ்சிருக்கணும். 'சும்மா தள்றதுதானே'ங்கிறவருக்கு அந்த யோக்யதை கிடையாது. நேத்து வரைக்கும் எனக்கும் கிடையாது.

என் பலகை அரை அங்குலத்துக்கு வந்துடுச்சு. பெஞ்சு கனவு போச்சு, சாமி படம் வைக்கிற தட்டு ஆகப்போகுது. மீதிப் பலகைகளைச் சொன்ன கூலிக்கே ஆசாரியிடம் கொடுத்துட்டேன். சித்தப்பா இன்னும் என்னோடு பேசவில்லை :-)